உயிரோடிருந்தவருக்கு அடித்த பனியன்

பெரிய மனிதர் ஒருவர் செத்துப்போனால் மற்ற ஊர்க்காரர்கள் டிவி முன்னால் உட்காருவார்கள். பனியன் தொழில் நடக்கும் எங்கள் ஊரில் கறுப்பு ரவுண்டு நெக் டீ-சர்ட் எத்தனை கையில் இருக்கிறது என்று பார்ப்போம். செய்தி வந்த ஒரு மணி நேரத்தில் முகத்தை அச்சு ஸ்கிரீனில் ஏற்றி அடித்து, சாயங்காலம் சென்னை பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுவோம். ஊர்வலத்தில் அழுதுகொண்டு போகிறவன் போட்டிருக்கும் டீ-சர்ட் பெரும்பாலும் இங்கே அடித்ததுதான். இதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. பிழைப்பு. ஆனால் ஒரு நாள், உயிரோடு இருந்தவருக்கு அடித்தோம். அதற்குக் காரணம் நான்.

மண்ணரையில் ஒரு பிரின்டிங் யூனிட்டில் அப்போது செக்கிங் வேலை பார்த்தேன். அச்சடித்து வரும் பனியனைத் திருப்பிப் பார்த்து, பிசிறு வெட்டி, கறை பட்டதை ஒதுக்கும் வேலை. யூனிட்டில் நாள் முழுக்க அந்த இசையமைப்பாளரின் பாட்டுத்தான் ஓடும். அவர் பெயரை எழுத மாட்டேன். அவர் பெயரை வைத்து நான் செய்தது போதும். பனியன் தொழிலாளர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். மண்ணரையிலிருந்து முதலிபாளையம் வரை ஆள் உண்டு. நான்தான் அட்மின்.

பாட்டு எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு அவருடைய பின்னணி இசை. வீட்டுக்காரர் என்னை விட்டுப்போன வாரம் டிவியில் ஏதோ படம் ஓடியது. ஒரு பொம்பளை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். வசனம் இல்லை. அழக்கூட இல்லை. பஸ் கிளம்பும்போது ஒரே ஒரு புல்லாங்குழல். படத்தின் பெயர் இன்றுவரை தெரியாது. மறுநாள் எழுந்து வேலைக்குப் போனேன். அவ்வளவுதான். இதற்கு மேல் விளக்கச் சொன்னால் எனக்கு வராது.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று இரண்டு நாளாகச் செய்தி ஓடியது. அது உண்மை. மூன்றாம் நாள் காலை டீ நேரத்தில் குழுவில் ஒருத்தி எழுதினாள்: அவளுடைய பெரியம்மா மகன் அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறானாம், விடியற்காலையே உயிர் போய்விட்டதாம், வெளியே சொல்லவில்லையாம். உடனே நாற்பது பேர் கேட்டார்கள், "அக்கா, உண்மையா? அட்மின் சொல்லுங்க." நான் அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. தட்டினேன்: "உறுதிங்க. போயிட்டார்."

எங்கள் பிரின்டிங் மாஸ்டர் திருநெல்வேலிக்காரன். அவனும் குழுவில் இருந்தான். போனைப் பார்த்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஓனர் உட்காரவில்லை.

"ஏனுங்கக்கா, நெசந்தானுங்களா?"

"ஆமாங்க."

"அப்பறம் என்னுங்க ஒக்காந்துட்டிருக்கறீங்க? மாஸ்டர், எந்திரிங்க. இன்னும் அரை மணி நேரத்துல ஊரே அடிக்கும்."

பனியன் மொத்தக் கடைகள் இருக்கும் காதர்பேட்டையில் ஒரு வியாபாரியிடம் போனில் பேசினார். முன்னூறு பீஸ் உடனே வேண்டும் என்றான் அவன். குழுவில் நான் போட்டிருந்த படத்தையே எடுத்தார்கள். வெள்ளை மையில் முகம், கீழே கண்ணீர் அஞ்சலி. மாஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடித்தான். நான் அழுதுகொண்டே பிசிறு வெட்டினேன். முதல் நூறு பீஸை ஓனரே வண்டியில் வைத்துக் காதர்பேட்டையில் கொடுத்துவிட்டு வந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மாஸ்டர் போனை நீட்டினான். அந்த ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய மகன் மைக்குகளுக்கு முன்னால் நிற்கிறார். அப்பா நன்றாக இருக்கிறார், காலையில் இட்லி சாப்பிட்டார், இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார், அடுத்த மாதம் புதுப்படத்துக்குப் பின்னணி இசை வேலையைத் தொடங்குகிறார் என்கிறார். கடைசியில், "அவர் செத்துட்டார்னு பரப்புறவங்களுக்கு மனசாட்சி இருக்கா?" என்று கேட்டார்.

ரசிகர்களுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? நான் டிபன் பாக்ஸை மூடினேன்.

"எக்கா," என்றான் மாஸ்டர். "நூறு பீஸு கடைக்குப் போயிட்டே."

அவன் பைக்கில் பின்னால் ஏறினேன். வழி முழுக்க எனக்கு ஒரே நினைப்பு. அந்தப் பார்சல் பஸ் ஏறிவிட்டால் நாளைக்கு எவனோ அதைப் போட்டுக்கொண்டு படம் எடுப்பான். அது அவர் வீட்டுக்குப் போகும். பேத்தி பார்ப்பாள். அவரே பார்ப்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு தன் கண்ணீர் அஞ்சலியைத் தானே பார்ப்பார். அதுவும் நாங்கள் அடித்தது.

கடை வாசலில் ஒரு பீஸைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். இந்தி பேசும் வியாபாரி ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுக்கப்போனான். நான் பைக் நிற்கும் முன்பே குதித்து, டீ-சர்ட்டைப் பிடுங்கிச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"ஏம்மா, பைத்தியமா உனக்கு?" என்றான் கடைக்காரன்.

"அவரு சாகலீங்க. டிவியைப் பாருங்க."

பார்த்தான். பிறகு பனியன் கட்டை என் பக்கம் காலால் தள்ளினான். "எடுத்துட்டுப் போங்க. இன்னிக்கு இதை எவன் வாங்குவான்? உங்க ஓனருக்கு ஆள் செத்தது கூட ஒழுங்கா விசாரிக்கத் தெரியாதாமா?"

விசாரிக்காதது ஓனர் இல்லை என்று நான் சொல்லவில்லை. அங்கேயே நின்று எண்ணினேன். தொங்கிக்கொண்டிருந்ததோடு சேர்த்து நூறும் இருந்தது.

திரும்பி வந்தபோது ஓனர் மீதி இருநூறையும் மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் கொண்டுவந்த கட்டையும் வாங்கி உள்ளே வைத்தார். டேப் ஒட்டினார். மார்க்கரை எடுத்துப் பெட்டியின் மேல் பெரிதாக 'ஹோல்டு' என்று எழுதினார்.

எங்கள் தொழிலில் ஹோல்டு என்றால், சரக்கு தயார், வாங்குகிற பையர் ஓகே சொல்லட்டும் என்று காத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

"யாரு ஓகே சொல்லணுங்க இதுக்கு?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. வயசென்ன கம்மிங்களா அவருக்கு? இன்னிக்கி இல்லீன்னா ஆறு மாசம். அன்னிக்கி ஊரே ஸ்கிரீனுக்கு ஓடும். நம்மகிட்ட ரெடியா இருக்கும்."

சிரித்துக்கொண்டே சொன்னார். மோசமான மனிதர் இல்லை. என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் கேட்காமலே லீவு கொடுத்தவர். அந்தச் சிரிப்புத்தான் என்னை என்னவோ செய்தது. ஒரு மனிதர் கட்டிலை விட்டு எழுந்து வேலைக்குப் போகப்போகிறார். இங்கே அவர் சாவுக்கு மடிப்புக் கலையாமல் துணி அடுக்கி வைத்திருக்கிறோம். நான் தினமும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டு பிசிறு வெட்ட வேண்டும்.

கத்திரியை எடுத்து டேப்பைக் கிழித்தேன்.

"அக்கா, சரக்கு என்னோடதுங்க."

"மூஞ்சி அவரோடதுங்க."

பெட்டியை இழுத்தார். நானும் இழுத்தேன். அட்டை கிழிந்து பனியன் தரையில் கொட்டியது. அப்போதுதான் அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"உறுதின்னு போட்டது யாருங்க? நீங்க. அவரக் கொன்னது நீங்கதானுங்க. நான் பனியன்தானுங்க அடிச்சேன்."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டான். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால் கோபம் இன்னும் ஏறியது.

போனை எடுத்தேன். அவர் எதிரிலேயே குழுவில் தட்டி, சத்தமாக வாசித்தேன்: "காலையில் நான் எழுதியது பொய். விசாரிக்காமல் எழுதினேன். தப்பு என்னுடையது. அவர் நன்றாக இருக்கிறார்." அனுப்பினேன். பிறகு பெட்டியைப் படம் எடுத்தேன். ஹோல்டு என்ற எழுத்தும் பனியனில் இருந்த முகமும் யூனிட் பெயர்ப்பலகையும் ஒன்றாக விழுந்தன.

"இதையும் அனுப்பட்டுங்களா? உங்க டேபிள்ள அடிக்கறவங்க பாதிப் பேரு இந்தக் குரூப்புல இருக்கறாங்க."

அவர் போனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "நாளையிலிருந்து வர வேண்டாமுங்க," என்றார்.

"சரிங்க."

அதே ஸ்டூலில் உட்கார்ந்து வெட்டினேன். கழுத்தில் கத்திரியை விட்டு முகத்தின் நடுவே கீழ்வரை. முதல் பீஸுக்குக் கை கூசியது. அவர் நெற்றியில் கத்திரி வைப்பதா என்று ஒரு நொடி நின்றேன். பிறகு பனியனை உள்பக்கமாகத் திருப்பி வைத்து வெட்டினேன். நாலு நாலாக அடுக்கி வெட்டியதில் கட்டை விரல் கொப்பளித்தது. ஓனர் வாசலில் போய் நின்றுகொண்டார். முன்னூறும் வேஸ்ட் சாக்குக்குப் போனது. இனி மெஷின் துடைக்கத்தான் ஆகும்.

மாஸ்டர் அதுவரை சும்மா நின்றான். ஊரில் அம்மாவுக்கு இவன் அனுப்பினால்தான் அடுப்பு எரியும். அவனை நான் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே போய், மெஷ் துணி இழுத்துக் கட்டிய அந்த முகத்தின் ஸ்கிரீன் சட்டத்தைச் சுவரிலிருந்து எடுத்தான். அது இருந்தால் இன்னொரு முன்னூறு அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? தொட்டிக்குக் கொண்டுபோய் அச்சை அழிக்கும் ரிமூவரை ஊற்றித் தண்ணீர் அடித்தான். எழுத்து போனது. தாடை போனது. நெற்றி போனது. ஆனால் மை ஏறிய இடத்தில் நிழல் மாதிரி முகம் நின்றது.

"போவ மாட்டேங்குக்கா. மெஷ்ஷுல கறை புடிச்சிட்டு."

"என்ன பண்ணலாம்?"

"கிழிச்சாத்தான் உண்டு."

வாசலிலிருந்து ஓனர், "மாஸ்டர்," என்று கூப்பிட்டார். ஒரு தடவைதான் கூப்பிட்டார். அவன் வாசலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்த கத்திரியை வாங்கி, சட்டத்தின் நாலு பக்கமும் ஓட்டினான். மெஷ் உரிந்து தொட்டிக்குள் விழுந்தது.