பெட்டியில் மிஞ்சிய ஒரு ஜோடி

எவரால்டோவைப் பற்றிச் சொல்வதென்றால் காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். போன மாதம் வரை, ஐம்பத்து மூன்று வருஷத்தில், அந்தக் கால்கள் செருப்புக்குள் நுழைந்தது மூன்றே தடவை: முதல் நற்கருணை, கல்யாணம், மகளின் பட்டமளிப்பு. மூன்றுக்கும் இரவல் ஜோடி. காக்கர் தீவில் தெருவெல்லாம் மணல், கார் என்ற பேச்சே இல்லை. இதில் செருப்பு எதற்கு? அவன் சங்கை மிதித்தால் சங்குதான் பாவம் என்பான் கூட்டாளி கிளீவ்.

போன மாதம் சுகாதார நிலையத்து நர்ஸ் இந்தச் சுகத்தில் மண்ணைப் போட்டாள். சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, காலில் ஒரு புண் வந்தால் விரல் போய்விடும், இனிமேல் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றாள். மனைவி நெலீடா அன்றைக்கே ஒரு ஜோடி வாங்கி வந்துவிட்டாள். எவரால்டோவும் சமர்த்தாக மாட்டிக்கொண்டு கிளம்புவான். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிக்கடியில் அதைத் தள்ளிவிட்டுத் துறைக்குப் போவான். சாயங்காலம் எடுத்து மாட்டிக்கொண்டு கனவானாக வீடு திரும்புவான். அவளுக்குத் தெரியாது என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான். ஆண்பிள்ளைகளின் ரகசியங்களெல்லாம் இந்த லட்சணம்தான்.

சிங்கி இறால் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன். முதுகுப்பையோடு வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து தீவில் வாரக்கணக்கில் படுத்துக்கிடக்கத் தொடங்கியதும், கிளீவோடு சேர்ந்து ஒரு பாய்மரப் படகு வாங்கினான். காலையில் எட்டு, பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு பவளப்பாறைக்குப் போவார்கள். எல்லோரும் முகத்தில் கண்ணாடி முகமூடியும் வாயில் மூச்சுக்குழாயுமாக, திருக்கைக்கும் சாதுவான சுறாவுக்கும் மேலே மிதப்பார்கள். மத்தியானம் திரும்பும்போது ரம் கலந்த பழச்சாறும் எலுமிச்சையில் ஊறிய சங்குக்கறியும் கிடைக்கும். இதைவிட நல்ல பிழைப்பு ராஜாவுக்குக்கூட வாய்க்காது.

அந்தப் பிழைப்பில் ஒரே ஒரு முள் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பாறையருகே ஏழெட்டுப் படகுகள் நெருக்கியடித்து நின்றன. எவரால்டோ ஏறியவர்களை எண்ணினான். பதினொன்று. சரியாக இருக்கவே கிளம்பிவிட்டான். பாதி வழியில்தான் ஒருவன், கையில் கோப்பையோடு, “இது நான் வந்த படகு இல்லையே!” என்றான். அப்படியானால் நம் ஆள் ஒருத்தர் எங்கே? திரும்பிப் போனபோது மற்றப் படகுகளெல்லாம் போய்விட்டிருந்தன. ஒரு பள்ளி ஆசிரியை மிதவையைக் கட்டிப்பிடித்தபடி தனியாகக் கிடந்தாள். அவள் ஏசவில்லை, அழவில்லை. “எண்ணிப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி இன்றுவரை அவன் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அன்றிலிருந்து அவன் எண்ணிக்கையை நம்புவதில்லை. படகு கட்டும் மரப்பாலத்தில் ஒரு நீல மீன்பெட்டியை வைத்தான். படகில் ஏறுமுன் எல்லோரும் செருப்பை அதில் போட வேண்டும், திரும்பியதும் எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டி காலியானால் கடலும் காலி. பெட்டியில் மிஞ்சினால் கடலில் ஆள் இருக்கிறது. தீவில் பால்குடி மறந்த குழந்தைக்கும் இந்தச் சட்டம் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். நெலீடாவும் மீன் வாங்க வேண்டுமென்று துறைவரை கூடவே வந்தாள். அவன் வழக்கம்போல் ஆளுக்கொரு கிண்டல் சொல்லிக்கொண்டே செருப்புகளைப் பெட்டியில் வீசினான். கடல் கண்ணாடியாகக் கிடந்தது. ஆமைகூட வந்து தரிசனம் தந்தது. மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பினார்கள். பிள்ளைகள் அரைப் போதையில், செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, மூலைக்கொருவராகக் கலைந்தார்கள். எவரால்டோ படகைக் கழுவிவிட்டுப் பெட்டியை இழுத்தான்.

உள்ளே ஒரு ஜோடி கிடந்தது. பழுப்பு ரப்பர், புத்தம் புதுசு, பெரிய ஆம்பிளைக் கால் அளவு.

“கிளீவ்!” என்றான்.

கிளீவ் எட்டிப் பார்த்தான். “எட்டுப் பேரு ஏறினாங்க, எட்டுப் பேரு எறங்கினாங்கடா. நானே எண்ணினேன்.”

“அன்னைக்கும் பதினொண்ணு சரியாத்தான் இருந்துச்சு.”

வந்தவர்களில் ஆண்கள் மூன்று பேர். இரண்டு பேர் எதிர்க்கடை வாசலிலேயே பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், காலில் செருப்போடு. மூன்றாமவன் ஹன்னு, பின்லாந்துக்காரன், பனைமர உயரம். நாள் முழுக்க நாலு வார்த்தைக்குமேல் பேசாதவன். அவன் இறங்கியதைப் பார்த்ததாக இருவருக்கும் ஞாபகமில்லை. அப்படிப்பட்டவன் இறங்கினாலும் தெரியாது, இறங்காவிட்டாலும் தெரியாது.

“நான் பாறைக்குப் போறேன். நீ விடுதியில பாரு,” என்று கிளீவ் படகைக் கிளப்பினான்.

எவரால்டோ பக்கத்துக் கடைச் சைக்கிளைக் கேட்காமலேயே எடுத்துக்கொண்டு பறந்தான். தெற்கு முனையில் மிஸ் எர்லீனின் விடுதி. முற்றமெங்கும் வலைத் தொட்டில்கள், அவற்றில் உலகத்துப் பிள்ளைகள் வௌவால்களாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கிட்டார் மீட்டினாள், ஒருவன் மாங்காய் தின்றான். யாருக்கும் எந்த அவசரமும் இல்லை. எவரால்டோவுக்கு அவர்களையெல்லாம் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

“மிஸ் எர்லீன், அந்த நெட்டையன் வந்துட்டானா?”

“காலைல உன்கூடத்தானே வந்தான்? அப்புறம் பாக்கலையேப்பா. ஏன், மூஞ்சி இப்படி வெளுத்துப் போயிருக்கு?”

“அவன் பையி?”

“கட்டில்மேல கிடக்கு. ஏன்டா ராலோ, என்னாச்சு?”

பை இருக்கிறது, ஆள் இல்லை. சைக்கிளைத் திருப்பினான். பின்லாந்தில் யாரோ ஒரு அம்மா இருப்பாள், அவளிடம் என்ன சொல்வது? எண்ணினேன் என்றா? மடையா, மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டு மேற்குக் கரைப் பக்கமாக மிதித்தான்.

அங்கே, இடுப்பளவு ஆழத்தில், கடலுக்குள் நட்டிருந்த மரவேலியோரம், கடற்புல்லுக்கு மேலே, ஒரு நெட்டை உடம்பு குப்புறக் கிடந்தது. அசைவே இல்லை.

சைக்கிள் ஒரு பக்கம் விழ, எவரால்டோ ஒரு பக்கம் பாய்ந்தான். ஓடினான், தடுக்கினான், நீந்தினான். போய் அக்குளில் கைகொடுத்து அந்த உடம்பை ஒரே தூக்காகத் தூக்கினான். உடம்பு கையை உதறியது. வாயிலிருந்து குழாய் விழுந்தது.

“ஷ்ஷ்! கேப்டன், பயந்து ஓடிடும்!” என்றான் ஹன்னு. “கடல்குதிரை. புள்ளத்தாச்சி. பாத்துக்கிட்டே இருக்கேன்.”

“எப்ப... எப்பலேருந்து?”

“படகுலேருந்து இறங்கினதுலேருந்து.”

எவரால்டோ அவனைக் கட்டிக்கொண்டான். அந்த நெட்டையனின் நெஞ்சில் முகத்தை வைத்து, வெட்கமில்லாமல், விசும்பி விசும்பி அழுதான். பன்னிரண்டு வருஷத்து முள் அந்த நிமிஷம் உருவிக்கொண்டு போனதுபோல் இருந்தது. ஹன்னுவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நல்ல பிள்ளை, முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

“அப்ப செருப்ப ஏன்யா பெட்டியிலேயே விட்டுட்டு வந்த?” என்றான் எவரால்டோ, மூக்கைத் துடைத்தபடி.

“என்ன செருப்பு? நான் இந்தத் தீவுக்கு வந்ததுலேருந்து செருப்பே போடலையே. உங்களைப் பாத்துத்தான்.”

எவரால்டோவுக்கு அதை யோசிக்கப் பொறுமையில்லை. செருப்பு எவனுடையதாக இருந்தால் என்ன? மூன்று ஆண்களும் உயிரோடு இருக்கிறார்கள். ஈரத்தோடு கிளீவுக்கு ஃபோன் போட, கரையோரக் கடைக்காரி ஒருத்தியின் கைபேசியைக் கடன் வாங்கினான். “வா, வா, கிடைச்சுட்டான்! கடல்குதிரைக்குப் பிரசவம் பாத்துக்கிட்டு இருக்கான்!” என்று கத்தினான். கிளீவ் அந்தப் பக்கம் சொன்ன கெட்ட வார்த்தைகள் அவனுக்கு வாழ்த்தாகவே கேட்டன. சிரித்துக்கொண்டே துறைக்கு மிதித்தான்.

மரப்பாலத்தின் நுனியில் நெலீடா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலிப் பெட்டி. ஒரு பொட்டலம் தேங்காய் பன் பிரிந்து, பலகையில் உருண்டு கிடந்தது. மடியில் அந்தச் செருப்பு. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நெலீடா! ஆளு கிடைச்சுட்டான்!” என்றான் எவரால்டோ பின்னாலிருந்து.

அவள் திரும்பினாள். பேய் அறைந்தவள்போல் ஒரு கணம் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, கையிலிருந்த செருப்பாலேயே அவன் தோளில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

“யாருதுன்னு தெரியாமலா ஆளத் தேடிக்கிட்டு இருந்த? உன்னுது, மடையா! உன்னுது!”

எவரால்டோ செருப்பைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான்.

“பழச தொட்டிக்கடியில போட்டுப் போட்டு நாயி கடிச்சுக் குதறிடுச்சு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? அதான் நேத்து புதுசு வாங்கி வாசல்ல வெச்சேன். நீ குனிஞ்சுகூடப் பாக்காம மாட்டிக்கிட்ட. வழியில கழட்டிடுவியேன்னுதான் மீனு கீனுன்னு சொல்லிக் கூடவே வந்தேன். நீயே கழட்டி நீயே பெட்டியில போட்ட. நான்தான் பாத்தேனே!”

“எல்லாத்தோடயும் சேத்து... கை பழக்கத்துல...”

“இப்ப வர்றேன், படகக் காணோம், உன்னையும் காணோம். பெட்டியில இது மட்டும் கிடக்கு. என்னன்னு கேட்டா, ஒரு ஆளக் கடல்ல காணோமாம், கிளீவ் மட்டும் தேடப் போயிருக்கானாம். பெட்டியில செருப்பு மிஞ்சினா என்னன்னு நீதானே ஊருக்கே சொல்லி வெச்சிருக்க?” அவள் செருப்பை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். “அரைமணி நேரமா நான் விதவை, ராலோ.”

ஒருத்தனைக் காணோமென்று தான் பட்ட பாட்டை, இவள் இந்தப் பலகைமேல் உட்கார்ந்து தனியாகப் பட்டிருக்கிறாள். எவரால்டோ அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “நான் இங்கதான் இருக்கேன். இங்கதான்டி இருக்கேன்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் நனைந்த சட்டையைப் பிழிந்துவிட்டாள்.

கிளீவின் பாய் தூரத்தில் தெரிந்தது. அவனுக்கு விஷயம் தெரிந்தால் சாகிறவரை விடமாட்டான். தெரியட்டும்.

எவரால்டோ உருண்டு கிடந்த பன்களைப் பொறுக்கினான், ஒன்றை ஊதித் தின்றான். பிறகு குனிந்து, இரண்டு காலிலும் செருப்பை மாட்டிக்கொண்டான். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது நெலீடா அவன் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் நிற்கவில்லை. வீட்டு வாசல்வரை போட்டுக்கொண்டே நடந்தான்.