இறக்கம் சாரும் பதினோராவது வீடும்

ஊரில் மியூச்சுவல் ஃபண்டு ஏஜென்டுகளுக்குப் பஞ்சமா என்ன? சந்தை ஏறும்போது வீடு வீடாக வந்து பல்லைக் காட்டுவார்கள். இறங்கினால் ஆளைப் பிடிக்க முடியாது. நம்ம ஆள் நேர்மாறு. ஏறும்போது அவர் நிழலைக்கூடப் பார்க்க முடியாது. பங்குச் சந்தை சரிந்தால் மறுநாள் காலையே குடையும் கையுமாக வாசலில் வந்து நிற்பார். அதனாலேயே 'இறக்கம் சார்' என்று பேர் விழுந்துவிட்டது. "ஐயோ, இறக்கம் சார் வர்றாரு, எவ்வளவு போச்சோ!" என்று மாடியிலிருந்தே கத்துவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே படியேறுவார்.

பழக்கம் சும்மா வரவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரிய சரிவு. பயந்துபோய் போனை அணைத்துவிட்டு நான்கு நாள் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார். அந்த நான்கு நாளில் ஒரு தபால்காரர், யோசனை கேட்க ஆளில்லாமல், இருந்ததையெல்லாம் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார். ஆறு மாதத்தில் சந்தை மீண்டது, தபால்காரர் மீளவில்லை. அதிலிருந்துதான் இந்த நடை.

இந்த முறை சரிவு கடல் தாண்டி வந்தது. ஒரு பெரிய நாட்டில் வட்டியை உயர்த்தினார்கள். அங்கேயே பத்திரமாக நல்ல வட்டி கிடைக்கும்போது, நம்மைப் போல இப்போதுதான் தலையெடுக்கிற நாட்டில் பணத்தைப் போட்டு வைக்க வெளிநாட்டுக்காரனுக்குப் பைத்தியமா? பங்குகளை விற்றான், டாலராக மாற்றினான், மூட்டையைக் கட்டினான். பங்கு விலையும் சரிந்தது, நம் பணத்தின் மதிப்பும் கூடவே சரிந்தது. இறக்கம் சார் இதையே பத்து வீட்டில் பத்து விதமாகச் சொன்னார். "உங்க வீடு ஒண்ணும் இடிஞ்சு போகல. பக்கத்துல ரெண்டு பேரு அவசரத்துக்கு வித்தாங்க, அதனால இன்னிக்கு விலை கம்மி. நீங்க பாட்டுக்குக் குடியிருங்க."

பதினோராவது வீடு அடுப்பக்காவுடையது. அங்கே போகத்தான் கால் வரவில்லை.

அடுப்பக்கா இருபது வருஷமாக ஒரு பேக்கரியில் ரொட்டி அடுப்பு முன்னால் நிற்பவள். சொந்தமாக ஒரு சின்னக் கடை, அதில் தனக்கென்று ஓர் அடுப்பு. அதற்காகப் பன்னிரண்டு வருஷம் மாதம் தவறாமல் இவரிடம் பணம் போட்டு வந்தாள். கடை பார்த்தாயிற்று, மூன்று மாதத்தில் முன்பணம் கட்ட வேண்டும். சரிவுக்கு ஒரு மாதம் முன்னால் அவளே போன் செய்தாள்.

"சார், மாவு மூட்டை விலை ஒரே மாசத்துல மூணு தடவை ஏறிடுச்சு. கப்பல்ல வர்ற கோதுமை. டாலர் ஏறுதுன்னு முதலாளி புலம்புறாரு. எனக்கு என்னமோ பயமா இருக்கு. எல்லாத்தையும் எடுத்து பேங்குல போட்டுடலாமா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மாவு மூட்டைய வச்சு சந்தைய அளக்குறீங்களாக்கும்! பொறுங்கம்மா, இன்னும் ஏறும்."

சீக்கிரம் தேவைப்படும் பணத்தைச் சந்தையில் விட்டு வைக்காதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற மனுஷன் சொன்ன பதில் இது! இப்போது அவள் பணத்தில் நாலில் ஒரு பங்கு போயே போய்விட்டது. அவள் வாங்க நினைத்திருந்த வெளிநாட்டு அடுப்பின் விலையோ டாலரோடு சேர்ந்து எங்கேயோ போய்விட்டது.

வீட்டில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தவரை மனைவி பார்த்தாள். "பத்து வீட்டுக்குப் போனது பெரிசில்ல. அங்கெல்லாம் உங்க மேல தப்பில்ல. நீங்க தப்பு பண்ணின வீட்டுக்குப் போங்க" என்று குடையை எடுத்துக் கையில் திணித்தாள்.

அடுப்பக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். ஒற்றை அறை. முழங்கைவரை பழைய சூட்டு வடுக்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள், அவர் உட்காரவில்லை. நின்றபடியே வட்டி, வெளிநாடு என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் நியூஸ்ல பார்த்துட்டேன் சார். சந்தை விழுந்தது போகட்டும். நீங்க சிரிச்சீங்க பாருங்க, அதுதான் ஆறவே மாட்டேங்குது."

"என் தப்புதாம்மா. குறைஞ்சத நான் தர்றேன். என் சேமிப்பு கொஞ்சம் இருக்கு."

"இப்படி எல்லா வீட்டுக்கும் குடுப்பீங்களா?"

"இல்லம்மா. அவங்களுக்கு சந்தை பண்ணுச்சு. உங்களுக்கு நான் பண்ணினேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. "என் வீட்டுக்காரரும் சொன்னதில்ல, முதலாளியும் சொன்னதில்ல. 'என் தப்பு'ன்னு என்கிட்ட ஒத்துக்கிட்ட மொத ஆளு நீங்கதான்." மூக்கை உறிஞ்சினாள். "உங்க காசு எனக்கு வேணாம். இப்ப என்ன பண்றது, அத சொல்லுங்க."

பதிலுக்கு அவரிடம் எப்போதும் பஞ்சமே இருந்ததில்லை.

"எனக்குத் தெரியலம்மா. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

பன்னிரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"மொதல்ல உக்காருங்க" என்றாள் அடுப்பக்கா. "சொல்றேன்."