இன்னும் என்பதற்கு இரண்டு இங்கிலீஷ்

குணலட்சுமியின் மருமகன் நோர்வேக்காரர். பெயர் மக்னுஸ். அந்த நாட்டின் வடக்கு நுனியில், கடலோரப் பட்டணம் ஒன்றில் பஸ் ஓட்டுகிறார். மகள் சாருஜா அங்கேயே தாதி. மருமகனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'மாமி'. மாமிக்கு நோர்வே மொழியில் அந்த ஒன்றும் தெரியாது. ஆகவே இருவரும் இங்கிலீசில்தான் கதைத்தார்கள், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத வீட்டில் சந்தித்துக்கொள்வதுபோல.

குணலட்சுமி கொக்குவிலில், ரயில் பாதையை ஒட்டிய வளவில், தனியாக இருந்து சட்டை தைத்து வாழ்கிறவர். சாருஜா வயிற்றில் பிள்ளையோடு வேலையால் வந்து அயர்ந்து தூங்கிவிடுகிற நாள்களில், அவளுக்குப் பதிலாக மருமகன் ரெலிபோன் எடுக்கத் தொடங்கினார். மழை பெய்ததா, சாப்பிட்டாயிற்றா, சாருஜா எழும்பினாளா. இவ்வளவுதான் கதை. இதற்குள்ளேயே குணலட்சுமி தடக்குப்பட்டார். மழை இன்னும் வரவில்லை என்று சொல்ல நினைத்து, "ரெயின் ஸ்டில் கமிங்" என்பார். அங்கே விடாத மழையாக்கும் என்று மருமகன் கவலைப்படுவார்.

மகள் ஒருநாள் விளங்கப்படுத்தினாள்.

"அம்மா, இருந்தது அப்பிடியே இருந்தால் ஸ்டில். வரவேண்டியது வராமல் கிடந்தால் யெட். நினைச்சதுக்கு முந்தி வந்திட்டால் ஆல்ரெடி."

"எனக்கு முதல் ரெண்டும் இன்னும்தானே பிள்ளை. இன்னும் நித்திரை, இன்னும் எழும்பேல்லை."

"ஓம். ஆனால் இங்கிலீசிலை அப்பிடி இல்லை."

அதன் பிறகு தையல் மெசினில் கால் ஓட, வாய் முணுமுணுக்கும். நூல் இன்னும் இருக்கு, ஸ்டில். கை இன்னும் பொருத்தேல்லை, யெட். ரயில் போயிட்டுது, ஆல்ரெடி. 'எனிமோர்' என்றும் ஒரு சொல்லை எங்கேயோ கேட்டு வைத்திருந்தார். அதுவும் 'இல்லை'யோடு சேர்ந்து வந்ததால், யெட்டுக்குத் தங்கச்சி என்று எண்ணிக்கொண்டார்.

ஆனி மாதம், பிள்ளை பிறக்கவேண்டிய நாள் தாண்டிப் போனது. ஒரு விடியற்காலை குணலட்சுமி முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்க, ரெலிபோன் அடித்தது. திரையில் மருமகன், ஆஸ்பத்திரி விறாந்தையில். உள்ளே சாருஜாவுக்குப் பிள்ளைப்பேற்று நோ. கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

குணலட்சுமி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். பிள்ளை இன்னும் வரவில்லையா என்று கேட்கவேண்டும். படித்த சொற்கள் எல்லாம் கலைந்த கோழிக்குஞ்சுகளாய் ஓடின. கையில் அகப்பட்டதைப் பிடித்தார்.

"நோ பேபி எனிமோர்?"

மருமகனின் முகம் வெளிறிப்போனது. இனிப் பிள்ளை இல்லையா என்றல்லவா அவருக்கு அது கேட்டது. கண்களைப் பொத்திக்கொண்டு, இல்லையென்று தலையை ஆட்டி, தன் மொழியிலேயே சொன்னார்: "இக்கே என்னோ... இக்கே என்னோ."

குணலட்சுமிக்கு அந்தச் சொல் தெரியாது. ஓசை மட்டும் எங்கேயோ தொட்டது.

"இன்னும்?" என்று மெல்லக் கேட்டார்.

"என்னோ," என்றார் மருமகன். கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். "ஸ்டில், யெட்... இன் நோர்வே, வன் வேர்ட்."

"தமிழ் ஆல்ஸோ," என்றார் மாமி.

அதற்குமேல் இங்கிலீசை விட்டுவிட்டார்கள். மருமகன் போனை யன்னல் பக்கம் திருப்பினார். அங்கே நடுச்சாமம் கழிந்துவிட்டது. ஆனாலும் சூரியன் கடலுக்கு மேலே, போக மனமில்லாமல், தேன் நிறத்தில் நின்றது. அந்த மாதங்களில் அங்கே அது மறைவதேயில்லை.

"இன்னும்?"

"என்னோ."

குணலட்சுமி கதிரையில் சாய்ந்தார். இங்கே பனைகளுக்குப் பின்னால் வெளிச்சம் ஊறிக்கொண்டிருந்தது. அங்கே போகாத வெளிச்சம், இங்கே வந்துசேராத வெளிச்சம். கண்ணை மூடினால் இரண்டும் ஒன்றாய்க் கலந்தன. அதற்குள்ளே தான் நடந்து போவதாகவும், காலடியில் மணல் இளஞ்சூடாய் இருப்பதாகவும், சாருஜா பள்ளிக்கூடச் சட்டையோடு முன்னாலே ஓடுவதாகவும் கண்டார். கூப்பிட்டால் திரும்புவாள் போலிருந்தது. கூப்பிடத் தோன்றவில்லை.

"மாமி! மாமி! ஆல்ரெடி!"

திடுக்கிட்டு எழும்பினார். முற்றத்தில் வெயில். திரை நிறையத் துணிச் சுருள், அதற்குள் சிவந்த ஒரு முகம். பெண்பிள்ளை. நாள் பிந்தி வந்த பிள்ளைக்கு ஆல்ரெடி சொல்லலாமோ என்று குணலட்சுமி கேட்கவில்லை. அழுதுகொண்டே சிரித்தார்.

பின்னேரம் சாருஜாவே எடுத்தாள். குரல் களைத்திருந்தது.

"அம்மா, இவரைப் பயப்படுத்திப் போட்டியளாம்."

"வாயிலை வந்த சொல் அதுதான் பிள்ளை."

"பிறகு ரெண்டுபேரும் என்ன கதைச்சனீங்கள் எண்டு கேட்டன். ஒண்டும் கதைக்கேல்லை, சும்மா இருந்தம் எண்டு சொல்லுறார்."

"ஓம், இருந்தம்," என்றார் குணலட்சுமி.

அடுத்த நாள், பெற்ற உடம்புக்கு வேண்டுமென்று மல்லியும் மிளகும் மஞ்சளும் வறுத்துச் சரக்குத்தூள் இடித்தார். மகளுக்கு அனுப்பும் பொதியைக் கட்டுமுன், தான் தைத்த ஒரு குட்டிச் சட்டையையும் மடித்து வைத்தார். கையில்லாத, மெல்லிய பருத்திச் சட்டை. அந்தக் குளிருக்கு அது காணாது என்று அவருக்குத் தெரியும்; தெரிந்தே வைத்தார்.