யசோதாவின் ஆறு வரிகள்

நான் பன்விலையிலிருந்து கட்டாருக்குப் புறப்பட்டது 2016 மார்ச் 14, திங்கட்கிழமை. கண்டி பஸ்ஸில் என் பெட்டியை ஏற்றிவிட்டவள் யசோதா. பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவள். தேயிலைத் தோட்டத்துக் கங்காணி வீரய்யாவின் மகள். "போய் எறங்கினதும் ஒரு போட்டோ போடுங்க அக்கா," என்றாள். பஸ் வளைவில் திரும்பும்வரை, ஊரிலேயே கிடக்கப்போகும் அவளுக்காகப் பரிதாபப்பட்டேன். பிறகு மறந்துவிட்டேன்.

கட்டார், ஜோர்ஜியா, போர்த்துக்கல் என்று எட்டு வருடங்கள். ஹோட்டல்களுக்கு விளம்பரம் எழுதினேன். எங்கும் நிலையாகத் தங்கவில்லை. திரும்பி வந்தபோது, பன்விலைக்கு மேலே அரூஸ் முதலாளி நடத்தும் நாலு அறை விடுதியில் யசோதா போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலாளி விடுதியின் இணையதளத்தை என்னிடம் கொடுத்தார். "மூணு மாசம் பாப்பம். ஆள் வந்தா மத்த ரெண்டு விடுதியும் ஒங்களுக்குத்தான்." அந்த வேலை கிடைத்தால் ஊரில் இருக்கலாம். இல்லையென்றால் மறுபடி பெட்டி கட்ட வேண்டும்.

'மேகம் வந்து உங்கள் கதவைத் தட்டும்' என்று தொடங்கினேன். முதல் மாதம் ஆயிரத்துச் சொச்சம் பேர் பக்கத்தைப் பார்த்தார்கள். அறை எடுத்தவர்கள் மூன்று பேர்.

"மேகம் தட்டுமாமே, அப்ப மழையான்னு கேக்கிறாங்க அக்கா," என்றாள் யசோதா, சிரிக்காமல். "யாழ்ப்பாணத்து அம்மா ஒராள், 'மேகம் கிடக்கட்டும் பிள்ளை, சுடுதண்ணி இருக்கோ'ன்னாங்க."

ஒரு கொப்பியை நீட்டினாள். போனில் கேட்ட கேள்விகள், எத்தனை பேர் கேட்டார்கள் என்று பக்கத்தில் கோடுகள். கடைசித் தாளில் ஆறு வரிகள்:

'நாலு அறை, ஒவ்வொன்றிலும் நாலு பேர் படுக்கலாம். மூன்று வேளைச் சாப்பாடும் வாடகையில் அடக்கம். சுடுதண்ணி காலையும் மாலையும் வரும். அட்டை கடிக்கும், நீளக் காலுறை தருவோம். கடைசி ஒரு கிலோமீட்டர் கல்பாதை, கார் ஏறாது, கீழே கடையடியில் நிறுத்துங்கள், எங்கள் ஜீப் வரும். சந்தேகமென்றால் அழையுங்கள், யசோதா பேசுவேன்.'

"இதெல்லாம் எங்க படிச்ச?"

"பெரட்டுலதான்," என்றாள். காலையில் கங்காணி வேலை பிரிக்கும் இடம் அது. "அப்பா என்ன சொல்லுவாரு? ஆறாம் நம்பர் மலை, பதினெட்டுக் கிலோ கொழுந்து, இடுப்புல கட்டப் படங்கு கொண்டாங்க. மலை அழகா இருக்கும்னு சொன்னா யாரு கூடை தூக்குவா?"

முதலாளி அந்த வரிகளையே போடச் சொன்னார். அடுத்த மாதம் இருபத்தாறு குடும்பங்கள் வந்தன. ஜீப்பை விட்டு இறங்கும்போதே "யசோதா யாரு?" என்று கேட்டார்கள். என் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. உலகம் சுற்றி நான் கற்காததை அவள் ஒரு கதிரையில் உட்கார்ந்தபடியே தெரிந்துவைத்திருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அவள் போனில் "வாங்க, வாங்க" என்று சொல்லும் குரலே காதில் குத்தியது.

ஒரு பின்னேரம் பாதை பற்றிய வரியை நீக்கினேன். கார் ஏறாது என்றால் யார் வருவார்கள் என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவளுடைய ஆறில் ஒன்றாவது இல்லாமற்போக வேண்டும் என்றிருந்தது.

அந்தச் சனிக்கிழமை வவுனியாக் குடும்பமொன்று, இணையத்திலேயே அறை பதிந்துவிட்டு, அழைக்காமல் வந்தது. கல்பாதையில் ஏறப்போன கார் ஓரத்து வடிகானுக்குள் சரிந்தது. முழங்கால் நோவுள்ள தாய் மழையில் மேலே நடந்து வந்தார். யசோதா அவரை உட்காரவைத்துக் காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள்.

"பாதையப் பத்திப் போடல்லயா?" முதலாளி அவளிடம்தான் கத்தினார். "ஒங்கட எழுத்துத்தானே அது?"

அந்த வரியை எடுத்தது யாரென்று அவளுக்குத் தெரியும். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தாயின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காட்டிக்கொடுத்திருந்தால் அவளை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். அதற்கும் அவள் இடம் வைக்கவில்லை.

"நான்தான் எடுத்தேன்," என்றேன்.

மூன்று விடுதிகளின் பக்கங்களும் அவள் கைக்குப் போயின. நான் கொழும்பில் ஒரு கம்பனியில் சேர்ந்தேன். அவள் எழுதும் பக்கங்களை வாரத்துக்கொரு முறையாவது திறந்து, பிழை தேடினேன். கிடைக்கவில்லை. பதினொரு மாதம் கழித்து அவளிடமிருந்து செய்தி வந்தது:

"நடாஷா அக்கா, மொதலாளி இன்னும் ரெண்டு விடுதி எடுத்திருக்காரு. என்னால தனியா ஏலாது, எழுத ஆள் வேணும். வர்றீங்களா? மொத ஒரு மாசம் போன்தான் எடுக்கணும்."