நான்காவது படுக்கை

என் அக்காவின் கணவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். இருபத்திரண்டு வருடம் எண்ணெய்க் கப்பல்களில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். கப்பலை விட்டு ஒரேயடியாக இறங்கி குரோம்பேட்டை வீட்டுக்கு வந்தபோது இடது காது முழுக்கப் போயிருந்தது. வலது காதில், பக்கத்தில் நின்று உரக்கச் சொன்னால் மட்டும் விழும். அவருக்குக் கேட்காததால் அவரும் உரக்கத்தான் பேசுவார். ரயில்வே கேட்டில் நின்று அவர் என்னை ஏதாவது விசாரித்தால் இரண்டு பக்கமும் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நாலு பேர் பார்த்தாலே கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போகிற ஆள் நான்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டு மாடியில் ஷீட் போட்ட அறையில் இருந்தேன். சாப்பாடு கீழே. மறைமலை நகரில் ஒரு ஃபைபர் பட்டறையில் வேலை. பஸ்ஸுக்கு பம்பர், சீட்டின் முதுகு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அங்கே அச்சில் வார்ப்போம். பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் ஃபைபரைத் தட்டிப் பார்த்து உள்ளே காற்று இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று சொல்லத் தெரியும். ஒரு ரூபாய் நாணயம் போதும். நல்ல இடம் கணீரென்று கேட்கும். கெட்ட இடம் ஈரமான அட்டையைத் தட்டியது போல் இருக்கும்.

சுனாமி வந்து போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்போதுதான் மச்சான் படகு வாங்கப்போகிறேன் என்றார். மீன் பிடிக்கிற படகு இல்லை. பாய்மரம் வைத்து, உள்ளே படுக்கையும் அடுப்பும் உள்ள குடும்பப் படகு. யாட் என்று பெயராம். சம்பாதிக்கிற நாளெல்லாம் கடலில் போய்விட்டது, பெண்டாட்டியையும் மகளையும் ஒரு நாள்கூடத் தண்ணீரில் பக்கத்தில் வைத்துக்கொண்டதில்லை என்பது அவர் குறை. மகள் பாப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முடிந்ததும் மாப்பிள்ளையோடு வெளிநாடு போய்விடுவாள். அதற்கு முன்னால் எல்லோரும் ஒரே ஒரு ராத்திரி படகில் ஒன்றாகத் தங்க வேண்டும். கடலுக்குள் போக வேண்டாம், முட்டுக்காட்டுக் காயலே போதும் என்றார்.

அக்கா என்னைப் பார்த்துச் சொன்னது: "கப்பல்லேர்ந்து எறங்கிட்டாருன்னு சந்தோஷப்பட்டேன். இப்ப கப்பலையே வீட்டுக்குக் கூட்டிட்டு வரப் போறாராம்."

மச்சானுக்கு அது கேட்கவில்லை. அவள் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

ஒரு தரகர் மூலம் இரண்டு படகுகள் பார்க்கக் கிடைத்தன. இரண்டும் இங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப் போனவை. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போவதாக ஏற்பாடு.

தாம்பரத்தில் பஸ் மாறும்போது மச்சான் என் கையில் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்தார். அவர் காதில் நான் ரகசியமாக எதுவும் சொல்ல முடியாது. கத்திச் சொன்னால் விற்கிறவன் முன்னாலேயே அவன் பொருளைப் பழித்ததாகிவிடும். அதனால் அவரே ஒரு வழி சொன்னார். தட்டிப் பார்த்து நன்றாக இருந்தால் காசை அவர் உள்ளங்கையில் திருப்பி வைக்க வேண்டும். மோசமாக இருந்தால் என் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

"எனக்குக் காது போச்சு மாப்ளே. இன்னிக்கு நீதான் என் காது," என்றார். பஸ் ஸ்டாண்டே கேட்டது.

முதல் படகு கேளம்பாக்கத்தைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்குள் மரக்கட்டைகளின் மேல் நின்றது. சின்னது. வெயிலில் வண்ணம் வெளுத்து, தொட்டால் சுண்ணாம்பு போல் கையில் ஒட்டியது. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. டீசல் நாற்றம். இரண்டே படுக்கை. நான் முன்னாலிருந்து பின்னால் வரை, அடியில் குனிந்தும் தட்டினேன். தரகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, தட்டிகினே கீற? தேங்கானு நெனச்சியா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் தட்டுவதை விடவில்லை. எங்கே தட்டினாலும் கணீர் கணீர் என்றது. அழகில்லை, ஆனால் உடம்பு சுத்தம். காசை மச்சான் கையில் வைத்தேன். அவர் தலையாட்டினார். ஆனால் முகம் மலரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, "ரெண்டுதான்," என்றார். காசை மறுபடி என்னிடம் கொடுத்தார்.

இரண்டாவது படகு கடற்கரைச் சாலையில் ஒரு பங்களாவின் பின்புறம், காயலை ஒட்டிக் கரையில் நின்றது. பெரியது. புதிதாக வெள்ளை அடித்து, ஓரத்தில் நீலக் கோடு இழுத்திருந்தார்கள். மச்சான் ஏணியில் ஏறி உள்ளே போய்விட்டார். நான் வெளியே தட்ட ஆரம்பித்தேன்.

முன்பக்கம் சரியாக இருந்தது. நடுவுக்கு வந்ததும் சத்தம் செத்துவிட்டது. இரண்டு அடி தள்ளித் தட்டினேன், அங்கேயும் அதே. அந்தப் பக்கம் போனேன். இடுப்பு உயரத்திலிருந்து அடி வரைக்கும் கதவு அகலத்துக்கு ஈர அட்டைச் சத்தம். இந்த மாதிரிப் படகில் இரண்டு ஃபைபர் தகட்டுக்கு நடுவில் மரம் வைத்திருப்பார்கள். அந்த மரம் தண்ணீர் குடித்து அழுகியிருந்தது. மேலே அடித்த வெள்ளை அதை மறைக்கத்தான். தரகர் இப்போது தேங்காய் என்று சொல்லவில்லை. வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து மச்சான் கூப்பிட்டார். போனேன். மெத்தை உறைகளெல்லாம் புதிது. சின்ன அடுப்பு, கை கழுவத் தொட்டி, திரை போட்ட ஜன்னல். அவர் ஒரு படுக்கையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். விரலை நீட்டிக் காட்டினார். இது நான். இது உன் அக்கா. இது பாப்பா. பிறகு மூலையில் ஜன்னலுக்கு அடியில் இருந்ததை உள்ளங்கையால் தட்டினார்.

"இது உனக்கு மாப்ளே."

அந்த வீட்டில் பதினெட்டு வருடம் இருந்தேன். அவர் கப்பலில் இருந்தபோது காஸ் சிலிண்டர் மாற்றினேன், பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன், அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். யாரும் என்னைக் குறைவாக நடத்தியதில்லை. ஆனால் வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் மூன்று என்றுதான் பதில் வரும், நானும் அப்படித்தான் சொல்வேன். அன்றைக்கு அவர் என்னைக் கேட்காமலே நான்கு என்று எண்ணிவிட்டார்.

கீழே இறங்கினோம். தரகர் முன்னால் மச்சான் கையை நீட்டினார். காசு என் விரல்களுக்கு நடுவில் வியர்வையில் வழுக்கியது. சட்டைப் பை இரண்டு அங்குலத்தில் இருந்தது. ஞாயிறுதோறும் வந்து நானே சரி செய்துவிடலாம், ஃபைபர்தானே, என் தொழில்தானே என்று ஒரு நினைப்பு வந்தது. காசை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் அதை முத்தமிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

வாங்கிய படகு அந்த பங்களாவிலேயே நின்றது. நினைத்தபடி ஞாயிறுதோறும் போனேன். கெட்ட இடங்களின் மேல் ரெசின் பசை தடவி, ஃபைபர் விரித்து ஒட்டினேன். உள்ளே இருக்கும் மரத்தை எடுக்காமல் மேலே ஒட்டுவது புண்ணுக்குள் சீழை வைத்துத் தைப்பது போல. தெரிந்துதான் செய்தேன். மச்சான் பக்கத்தில் டீ கிளாஸோடு நிற்பார். நான் ஆசையாகப் பளபளப்பு ஏற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்தேன். அவரிடம் எதைச் சொல்வதானாலும் கத்த வேண்டும். இந்த மாதிரி விஷயத்தை எப்படிக் கத்துவது?

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது படகைக் காயலில் இறக்கினோம். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் போய்விட்டோம். அக்கா ஒரு தூக்கு நிறையச் சோறும், எலுமிச்சம்பழமும், வாந்தி வந்தால் பிடிக்க பிளாஸ்டிக் பைகளும் எடுத்து வந்திருந்தாள். சுனாமிக்குப் பிறகு பீச்சுக்குக்கூட வராதவள், அவருக்காக வந்தாள். பாப்பா ஜன்னல் திரையை இழுத்து இழுத்து மூடித் திறந்தாள். மச்சான் கயிற்றை இழுக்கும்போது ஒரு ஹிந்திப் பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடினார். அவருக்குக் கேட்காததால் தப்பு தெரியவில்லை.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. என் படுக்கைக்கு அடியிலிருந்துதான் முதலில் வந்தது. தரைப் பலகையின் இடுக்கில் கறுப்பாகத் தண்ணீர் ஊறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் அளவு ஏறியது, படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அக்கா கத்தவில்லை. பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உதடு மட்டும் அசைய ஓதிக்கொண்டிருந்தாள். மீன்பிடிக்க வந்த இரண்டு பேர் தங்கள் படகை ஒட்டிக் கொண்டுவந்து எங்களை ஏற்றிக் கரையில் விட்டார்கள். சோறு தண்ணீரில் மிதந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பஸ்ஸில் நாலு பேரும் நனைந்த துணியோடு திரும்பினோம்.

பாப்பாவின் கல்யாணம் நன்றாக நடந்தது. அவள் போய்விட்டாள். படகைக் கரைக்கு இழுத்து பங்களாவின் பின்புறமே போட்டிருந்தோம். மழைக்காலம் முடிந்ததும் பங்களாக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொன்னார். ஃபைபரைக் காயலான் கடையிலும் எடுக்க மாட்டார்கள். வெட்டித்தான் அப்புறப்படுத்த வேண்டும். அந்த வேலையும் எனக்குத்தான் தெரியும்.

பட்டறையிலிருந்து கொண்டுவந்த கை கிரைண்டரை வைத்து நடுப்பக்கத்தை அறுத்தபோது உள்ளேயிருந்து அழுகல் வாடையோடு தண்ணீர் கொட்டியது. மரம் நனைந்த பிஸ்கட் போல் உதிர்ந்தது. நான் ஒட்டிய ஃபைபர் மட்டும் நன்றாக இருந்தது. மச்சான் அந்த ஓட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். என்னிடம் ஏதோ கேட்கப்போகிறார் என்று கிரைண்டரை நிறுத்தினேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். சவுக்குத் தோப்பில் பார்த்த சின்னப் படகை யாரோ வாங்கிவிட்டிருந்தார்கள். நாங்கள் வெட்டிக்கொண்டிருந்தபோது அது காயலில் நின்றது. அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவரே அக்காவிடம் பேச்சை எடுத்தார்.

"மாப்ளே மேல தப்பு இல்ல. அவன் தட்டிப் பார்த்துத்தான் சொன்னான். உள்ளுக்குள்ள இருக்கிறது யாருக்குத் தெரியும்? நாலு படுக்கைக்கு நான்தான் ஆசைப்பட்டேன்."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் நான் உடைத்த சாமானை எல்லாம் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவள் அவள்.

"உனக்குத் தெரியும், இல்ல?" என்றாள்.

தலையாட்டினேன்.

மச்சான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள்.

"அவர்கிட்ட சொல்லாத," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலைத் தாழ்த்தவே இல்லை.