காலி செய்யச் சொன்னவள்

இந்த ஊரில் என் வீட்டுக்காரர் யாரென்றே எனக்குத் தெரியாது. ஏழு வருடமாக வாடகைக்கு இருக்கிறேன், முகம் பார்த்ததில்லை. கதவில் ஒட்டிவிட்டுப் போகிற காகிதம்தான் வீட்டுக்காரர். போன மாதம் ஒட்டியதில், இரண்டு மாதத்தில் காலி செய்யவும் என்று இருந்தது. காரணம் கிடையாது. அடுத்த வீட்டு மரியாவுக்கும் அதே காகிதம். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் மாநிலத்தில் ஒரு மசோதா வந்திருக்கிறது. காரணம் சொல்லாமல் யாரையும் காலி செய்யச் சொல்லக் கூடாது, குறைந்த வாடகை வீடுகள் நிறையக் கட்ட வேண்டும் என்கிறது. சட்டமன்றக் குழு முன்னால் பொதுமக்கள் இரண்டு நிமிடம் பேசலாமாம். மரியா என் பெயரையும் கொடுத்துவிட்டாள். இரண்டு நிமிடம் நம் ஊர்க்காரர்களுக்குத் தொண்டையைச் செருமவே போதாது.

பேச்சை எழுதிக்கொண்டிருந்தபோது தென்காசியிலிருந்து அண்ணன் கூப்பிட்டான்.

"ஏட்டி, சாரல் தொடங்கப் போகுது. ஒன் குத்துக்கல்வலசை வீட்ட குற்றாலம் வாரவங்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம்லா. குடியிருக்க டீச்சர போகச் சொல்லிரவா?"

"சொல்லிரு. பதினோரு மாச அக்ரிமெண்டு முடிஞ்சிட்டுல்லா" என்றேன். சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதினேன். வெட்கக்கேடு, அப்போது ஒன்றுமே உறைக்கவில்லை.

மறுநாள் டீச்சரே பேசினார். இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியாக இருப்பவர். போன வருடம் நான் ஊருக்குப் போயிருந்தபோதுதான் குடிவந்தார்; அன்று பால் காய்ச்சி, முதல் டம்ளரை என் கையில்தான் கொடுத்தார்.

"அக்கா, அண்ணாச்சி வந்து சொன்னாவ. நான் என்ன தப்பு பண்ணுனேன்னு மட்டும் சொல்லிருங்க. மூத்தவ பத்தாவது படிக்குதா. சீசன்ல மாச வாடகைக்கு எவன் வீடு தாரான்?"

"அண்ணன்ட்ட பேசுதேன்" என்று மழுப்பினேன். பேசியிருக்கலாம். பேச்சைத் திருத்துவதிலேயே நான்கு நாள் ஓடிவிட்டது. ஐந்தாம் நாள்தான் கூப்பிட்டு, டீச்சர் இருக்கட்டும் என்றேன்.

"நேத்தே வாசுதேவநல்லூருக்கு, அவ அம்மை வீட்டுக்குப் போயிட்டா. தரையெல்லாம் கழுவிவிட்டுல்லா சாவிய குடுத்தா" என்றான் அண்ணன்.

டீச்சருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

சட்டமன்றத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வாடகைக்கு இருப்பவரா, வீட்டு உரிமையாளரா? இரண்டையும் குறித்தேன். ஒன்றுதான் குறிக்க வேண்டும் என்று அங்கிருந்த பெண் வேறு தாளை நீட்டினாள். எந்த ஊரில் என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்ததை மடித்துப் பையில் போட்டேன்.

"நான் ஒரு வீட்டுக்காரி" என்று தொடங்கினேன். ஆளை மாற்றிக் கூப்பிட்டுவிட்டார்களோ என்று மரியா என்னைப் பார்த்தாள்.