வலப்பக்கத்து எலும்பு

எருமப்பட்டி சௌந்திரத்துக்கு எச்சில் முழுங்குவதே ஒரு வேலையாகிப் பல வருடம் ஆகிறது. நமக்கெல்லாம் அது தன்பாட்டுக்கு நடக்கும். அவளுக்கு அப்படியில்லை. நின்று, மூச்சைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு முழுங்க வேண்டும். முழுங்கினால் தொண்டையில் குத்துகிற வலி காது வரைக்கும் இழுக்கும்.

கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குவது அவள் பிழைப்பு. கூண்டுகளுக்கு நடுவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு பக்கமும் எடுத்து அட்டையில் அடுக்க வேண்டும். கழுத்தைத் திருப்பாமல் அந்த வேலையை எவளாவது செய்வாளா? சௌந்திரம் செய்தாள். கழுத்துக்குப் பதிலாக முழு உடம்பையும் திருப்பினாள். கூட வேலை பார்த்தவர்கள், "என்னக்கா, பொண்ணு பாக்க வந்திருக்கறாங்களா, இப்படி நாணிக் கோணி நடக்கறீங்க?" என்று கேலி பேசினார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

இந்த எழவெடுத்த வலிக்கு ஒரு பேர் கண்டுபிடிப்பதற்குள் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைவாய்ப் பல்தான் காரணம் என்று ஒருவர் பிடுங்கிப் போட்டார். சொத்தை இல்லாத நல்ல பல். சுளுக்கு என்று இன்னொருவர் எண்ணெய் விட்டு நீவினார். அதற்கப்புறம் ஒரு வாரம் அவளால் கஞ்சிகூடக் குடிக்க முடியவில்லை. எல்லாம் மனசுதான் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்த புண்ணியவானும் உண்டு. கடைசியில் சேலத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரம்மா வாய்க்குள் விரலை விட்டு உள்ளே ஓரிடத்தை அழுத்தினார். சௌந்திரம் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டரம்மா விளக்கினார். "காதுக்குக் கீழே எல்லாருக்கும் முள்ளு மாதிரி சின்னதா ஓர் எலும்பு இருக்கும்மா. உங்களுக்கு ரெண்டு பக்கமும் அது நீளமா வளந்து தொண்டையைக் குத்துது. ஈகிள் சிண்ட்ரோம்னு பேரு. முதல்ல இடது பக்கத்தை எடுத்துடலாம். அது ஆறினப்புறம் வலது பக்கம்."

வலி பொய்யில்லை என்று ஒருவர் வாயால் கேட்டதற்கே சௌந்திரம் அங்கேயே அழுதாள்.

அவள் புருஷன் பாலசுந்தரம் கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டுகிறவர். நல்ல மனுஷர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் உங்களுக்கு அவர்மேல் கோபம் வரும். ஆபரேஷன் என்றதும் லாரியை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். கழுத்தில் கீறி எடுத்த எலும்பைச் சிறு குப்பியில் போட்டு அவரிடம் காட்டினார்கள். அவர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். பங்காளிகளும் பக்கத்து ஊட்டுக்காரர்களும் குப்பியை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்கள்.

காயம் ஆறினாலும் இடப்பக்கத்து உதடு தொங்கிப் போயிற்று. காபி குடித்தால் பாதி சேலையில் வழிந்தது. நரம்பு சோர்ந்திருக்கிறது, பலூன் ஊதுங்கள், சரியாகும் என்றார் டாக்டரம்மா. நாற்பத்தெட்டு வயசுக்காரி வாசலில் உட்கார்ந்து பலூன் ஊதினாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஊதினாள். மாதங்கள் போய் உதடு முக்கால்வாசி மேலே வந்தது. ஒருநாள் ஆட்டையாம்பட்டி முறுக்கை இடப்பக்கமாகவே கடித்துத் தின்றாள். வலிக்கவில்லை. இன்னொன்றும் எடுத்துத் தின்றாள்.

ஆனால் வலப்பக்கம் மோசமாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் பண்ணையில் வலப்பக்கம் திரும்பியவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். அட்டையில் இருந்த முட்டையெல்லாம் உடைந்தது. டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கத்து எலும்பு ரத்தக்குழாயை அழுத்துது. மயக்கம் அதனாலதான். முகம் மறுபடி இழுக்கலாம், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா தள்ளிப் போட்டா உசுருக்கே ஆபத்தா முடியலாம்" என்றார்.

வீட்டில் யாருக்கும் இது ஏறவில்லை. "எலும்பைத்தான் எடுத்தாச்சே. எல்லாரும் கண்ணால பாத்தமே புள்ள" என்றார் பாலசுந்தரம். திருப்பூரில் கட்டிக் கொடுத்திருக்கும் மகள் பிரவீனாகூடப் போனில், "அம்மா, நீ அதையே நெனச்சிட்டிருக்காதம்மா" என்றாள். சௌந்திரம் கெஞ்சினாள், சாப்பிடாமல் கிடந்தாள், டாக்டரம்மாவையே புருஷனிடம் போனில் பேச வைத்தாள். பெரும்பாடு பட்டு ஒரு தேதி வாங்கினாள்.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அன்று பண்ணைக்காரரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு இருவரும் சேலத்துக்குக் கிளம்பினார்கள். புதுச்சத்திரம் தாண்டியதும் பாலசுந்தரம் காரை மண்பாதையில் இறக்கினார்.

"ஏனுங்க, எங்க போறீங்க?"

"கத்தி வெக்கறதுக்கு முன்னால தொக்கம் ஒருக்கா பாத்தரலாம். போற வழிதான. எம்மனசுக்காக வா."

சின்னக் குழலைத் தொண்டையில் வைத்து உறிஞ்சி, உள்ளே சிக்கியதை வெளியே எடுத்துப் போடுவதற்குத் தொக்கம் எடுப்பது என்று பேர். எடுத்ததைத் தட்டில் போட்டுக் காட்டுவார்கள். காட்டிவிட்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகும் வலிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் எடுத்தவரைப் பொய்க்காரி என்று சொன்னதாகிவிடும்.

தொக்கம் எடுக்கிற வள்ளியாத்தாள் வாசலில், சாப்பிட மறுக்கிற குழந்தைகளோடு தாய்மார் காத்திருந்தார்கள். சௌந்திரத்தை உட்கார வைத்து, வலப்பக்கம் குழலை அழுத்தி மூன்று தரம் உறிஞ்சினாள் வள்ளியாத்தாள். தட்டில் துப்பினாள். தண்ணீரில் வெள்ளையாக ஒரு சில்லு கிடந்தது. கோழி எலும்பு.

காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாலசுந்தரம் இரண்டு கையையும் கூப்பினார். அவர் கண் கலங்கிவிட்டது.

"இப்ப முழுங்கிப் பாரு சாமி" என்றாள் வள்ளியாத்தாள்.

சௌந்திரம் முழுங்கினாள். காது வரைக்கும் அதே இழுப்பு. கொஞ்சமும் குறையவில்லை. இவ்வளவு தூரம் இழுத்து வந்த தேர் இங்கே அச்சு முறிந்ததே என்று நினைத்தாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி முகம் கோணும், மறுபடி பலூன், மறுபடி இவர்களை நம்ப வைக்க வேண்டும். அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

"பரவாயில்லீங்க" என்றாள்.

கார் பக்கத்தில் வந்ததும் பாலசுந்தரம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "எங்கூட்டுக்காரிக்குச் சரியாப் போச்சுங்க. நாங்க வரலீங்க." அந்தப் பக்கத்தில் பேசிய பெண் நம்பவில்லை போலிருக்கிறது. நோயாளியிடமே கொடுக்கச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே போனை நீட்டினார்.

"அம்மா, நிஜமாவே வலி இல்லையா? யாராவது வேண்டாம்னு சொல்றாங்களா? இருந்தா எங்கிட்டச் சொல்லுங்கம்மா."

சௌந்திரம் புருஷனைப் பார்த்தாள். வருடக்கணக்கில் இப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் அவள் பார்க்கவில்லை.

"இல்லீங்க சாமி, எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

"சரிம்மா. அப்ப இந்தத் தேதியை வேற ஒருத்தருக்குக் குடுத்திடறோம்" என்று சொல்லி அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.